பிள்ளைங்கள டாட்டா சொல்ல விடுங்க

ஸ்கூல் வருஷம் முடியுற அந்த கடைசி ரெண்டு வாரம் இருக்கே, தத்தெடுத்த பிள்ளையோ ஃபாஸ்டர்ல (தத்து இல்லாம, கொஞ்ச காலத்துக்கு வேற ஒரு குடும்பம் பார்த்துக்கிறது) இருக்கிற பிள்ளையோ உள்ள வீட்டுல அது ஒரு கஷ்டமான நேரம். மத்த பிள்ளைங்க எல்லாம் லீவு விடப்போறாங்கன்னு குதிச்சிட்டு இருக்கும், நம்ம பிள்ளை காலைல ஷூ போடமாட்டேன்னு அடம் பிடிக்கும், வருஷம் பூரா உயிரா இருந்த டீச்சர திடீர்னு பிடிக்கலன்னு சொல்லும், நின்னு போயிருந்த படுக்கைய நனைக்கிற பழக்கம் திரும்ப வரும், ஒண்ணும் இல்லாததுக்கு தம்பி தங்கச்சிய போட்டு அடிக்கும். சொந்தக்காரங்க பார்த்துட்டு செல்லம் குடுத்து கெடுத்துட்டீங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு இதே நிலைமைல இருக்கிற சில அம்மாக்கள தெரியும், அந்த சமயத்துல எங்களுக்குள்ள போன் பேச்சு பூரா இது தான், உன் வீட்டுலயும் ஆரம்பிச்சிருச்சா, ஆமா இங்கயும் ஆரம்பிச்சிருச்சு.

நமக்கு ஒரு கிளாஸ் முடிஞ்சா அடுத்த கிளாஸ். இந்த பிள்ளைக்கு தினமும் பார்த்த ஒரு ஆள் இன்னொரு தடவ காணாம போறாங்க, அவ்வளவு தான். ஏன்னா இவங்க வாழ்க்கைல இதுக்கு முன்னாடி முடிஞ்சது எல்லாம் அப்படி தான் முடிஞ்சிருக்கு. ஒரு நாள் அம்மா இருந்தாங்க, அடுத்த நாள் இல்ல. ஒரு ஹோம்ல ஒரு அக்கா சோறு ஊட்டி தூங்க வச்சாங்க, அப்புறம் ஒரு கார் வந்துச்சு, அந்த அக்காவும் இல்ல அந்த கட்டிலும் இல்ல அந்த போர்வையோட வாசனையும் இல்ல. யாரும் முன்கூட்டி சொல்லல, யாரும் போறதுக்கு முன்னாடி கட்டி பிடிச்சு அழ விடல. அதனால அந்த பிள்ளையோட உடம்பு ஒரு விஷயத்த கத்து வச்சிருக்கு, ஏதாவது முடியுதுன்னா அடுத்து எல்லாமே போகப்போகுதுன்னு. பேச்சு வர்றதுக்கு முன்னாடி நடந்திருந்தாலும் சரி, ஞாபகமே இல்லன்னாலும் சரி, அந்த பயம் உள்ள இருக்கும்.

நான் ஒரு பொண்ண தத்தெடுத்து வளர்க்கிற அம்மா. நடுவுல கொஞ்ச காலம் எங்க வீட்டுல ஃபாஸ்டரா ஒரு குட்டி பையனும் இருந்தான், அப்புறம் அவனோட பெரியம்மா வீட்டுக்கு போயிட்டான். இந்த ரெண்டு பேர்கிட்ட இருந்தும், இதே மாதிரி வீடுகள்ல இருக்கிறவங்ககிட்ட இருந்தும், படிச்சதுல இருந்தும் சேர்ந்தது தான் கீழ எழுதியிருக்கிறது எல்லாம். நான் டாக்டரோ கவுன்சிலரோ இல்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இதுல தான் நல்ல மனசு உள்ளவங்க கூட தடுமாறுறாங்க. பிள்ளை அழக்கூடாதுன்னு பிரிவ மறைக்கிறது. தூங்கும்போது தூக்கிட்டு போயிடலாம், டாட்டா சொன்னா அழுவான் அதனால சத்தமில்லாம கிளம்பிடலாம், பழைய வீட்டு பேச்ச எடுக்காம இருந்தா மறந்துடுவான். இத செய்யுறவங்க யாரும் கெட்டவங்க இல்ல, பாசத்துல தான் செய்யுறாங்க. ஆனா பிள்ளைக்கு இதுல இருந்து கிடைக்கிற பாடம் வேற, நான் கண்ண மூடினா ஆள் காணாம போயிடுவாங்கன்னு. அதுக்கு அப்புறம் அந்த பிள்ளை தூங்கமாட்டேங்குதுன்னா நாம ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல.

இது இன்னைக்கு நேத்து பார்த்த விஷயம் இல்ல. ஜான் பவுல்பின்னு ஒரு பிரிட்டிஷ் மனநல டாக்டர், 1907ல பிறந்து 1990ல இறந்தவர், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல உள்ள பிணைப்ப பத்தி வாழ்நாள் முழுக்க வேலை செஞ்சார். அவரோட சேர்ந்து ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர், ஆஸ்பத்திரில தனியா விடப்பட்ட சின்ன பிள்ளைங்கள பக்கத்துல இருந்து பார்த்து பார்த்து எழுதினார். அந்த காலத்துல அங்க ஆஸ்பத்திரில இருக்கிற பிள்ளைய பெத்தவங்க பார்க்கிறதுக்கு ரொம்ப கெடுபிடி, வாரத்துக்கு ஒரு தடவன்னா அதுவே பெருசு. கேட்டா சொல்ற காரணம், அம்மா வந்துட்டு போனா பிள்ளை அழுது, வராம இருந்தா சமத்தா இருக்கு. ராபர்ட்சன் என்ன பார்த்தார்னா, அந்த பிள்ளை முதல்ல கத்தி அழுது எதிர்ப்பு காட்டுது, அப்புறம் சோர்ந்து போய் நம்பிக்கை விட்டு உட்கார்ந்திருக்கு, அதுக்கப்புறம் ஒரு மாதிரி விலகி போயிடுது, நர்ஸ்கிட்ட சிரிக்குது, பொம்மை வச்சு விளையாடுது, அம்மா வந்தா கூட பெருசா கண்டுக்காது. அந்த மூணாவது நிலைய தான் எல்லாரும் பழகிருச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சாங்க. 1952ல ஒரு ரெண்டு வயசு பொண்ணு ஆஸ்பத்திரில இருந்தத படம் பிடிச்சு டாக்டர்களுக்கு போட்டு காட்டினார், முதல்ல நிறைய பேர் கோவப்பட்டாங்க. 1959ல அரசாங்கமே போட்ட கமிட்டி பெத்தவங்கள தாராளமா பார்க்க விடணும்னு சொல்லிச்சு.

இத ஏன் இவ்வளவு நீளமா சொல்றேன்னா, அதே பேச்சு இன்னைக்கும் காதுல விழுது. பழைய ஃபாஸ்டர் அம்மாவ பார்த்துட்டு வந்தா ரெண்டு நாள் அழுறா, அதனால பார்க்க வேணாம்னு விட்டுட்டோம், இப்ப நல்லா செட்டில் ஆயிட்டான்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அழுற பிள்ளைய விட அழாத பிள்ளைய பார்த்தா தான் கவலை அதிகம். ஒரு வீட்ட விட்டு இன்னொரு வீட்டுக்கு வந்த பிள்ளை முதல் நாளே எல்லார் மடிலயும் உட்காருது, யார் கூப்பிட்டாலும் போகுது, ஒரு சொட்டு கண்ணீர் இல்லன்னா அது நல்ல சகுனம்னு எடுத்துக்க வேணாம். அழுறதுக்கு கூட ஒரு ஆள் வேணும், இவங்க முன்னாடி அழுதா பரவால்லன்னு தோணுற ஒரு ஆள். அந்த ஆளா நாம ஆகுறதுக்கு டைம் எடுக்கும், மாசக்கணக்குல கூட ஆகும்.

இந்த பிள்ளைங்களோட துக்கத்துல இன்னொரு சிக்கல், அதுக்கு ஒரு முடிவு கிடையாது. இறந்து போனவங்களுக்கு துக்கம் கேட்க நாலு பேர் வருவாங்க, ஒரு சடங்கு இருக்கும், ஒரு நாள் இருக்கும். பெத்த அம்மா எங்கயோ உயிரோட இருக்காங்க, ஆனா கூட இல்ல, எங்க இருக்காங்கன்னு தெரியாது, திரும்ப வருவாங்களான்னும் தெரியாது, இதுக்கு யார் வந்து துக்கம் கேட்பா? அமெரிக்கால பாலின் பாஸ்னு ஒருத்தர் 1970கள்ல இருந்து இத பத்தி எழுதிட்டு வர்றாங்க, போர்ல காணாம போன சிப்பாய்களோட குடும்பங்கள பார்த்து ஆரம்பிச்சது, உடம்பால இல்ல ஆனா மனசுல இருக்காங்க, அந்த மாதிரி தெளிவில்லாத இழப்பு தான் மனுஷங்கள ரொம்ப அலைக்கழிக்குதுன்னு சொன்னாங்க. 1989ல கென்னத் டோக்கான்னு இன்னொருத்தர், ஊர் ஒத்துக்காத துக்கம்னு ஒண்ணு இருக்குன்னு எழுதினார், அதாவது உனக்கு அழ உரிமையே இல்லன்னு மத்தவங்க நினைக்கிற துக்கம். இது ரெண்டும் சேர்ந்து இருக்கிறது நம்ம பிள்ளைங்ககிட்ட தான். உனக்கு தான் இப்ப நல்ல வீடு கிடைச்சிருச்சே, நல்ல அம்மா அப்பா கிடைச்சிருக்காங்களே, இன்னும் என்ன? இந்த கேள்விய கேட்டவங்க யாரா இருந்தாலும், தயவு செஞ்சு இனிமே கேட்காதீங்க. நல்ல வீடு கிடைச்சதுக்கு சந்தோஷமும் போன வீட்டுக்காக அழுகையும் ஒரே நேரத்துல ஒரே பிள்ளைக்குள்ள இருக்கும், ஒண்ணு இன்னொண்ண அழிக்காது.

அப்புறம் குத்த உணர்ச்சி. ரெண்டு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க தன்ன சுத்தி நடக்கிற நிறைய விஷயத்துக்கு தன்ன தான் காரணமா நினைக்கும், அந்த வயசோட சிந்தனையே அப்படி தான்னு, பிள்ளைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணின பியாஜேங்கிற சுவிஸ் உளவியல் அறிஞர் காலத்துல இருந்து சொல்றாங்க. நான் பால கொட்டினேன் அதனால அம்மா போயிட்டாங்க, நான் ரொம்ப அழுதேன் அதனால அந்த ஆன்ட்டி என்ன அனுப்பிட்டாங்க. இத பிள்ளை வாய விட்டு சொல்லாது. நாம தான் கேட்காமலே சொல்லணும், நீ பண்ணின எதனாலயும் இது நடக்கல, பெரியவங்க எடுத்த முடிவு, பெரியவங்களோட பிரச்சினை. ஒரு தடவ சொன்னா போதாது, குளிக்க வைக்கும்போது, கார்ல போகும்போது, படம் வரையும்போது, சாதாரண குரல்ல திரும்ப திரும்ப சொல்லணும். முகத்த பார்த்து உட்கார வச்சு பேசினா நிறைய பிள்ளைங்க அடைச்சுக்கும், கண்ணு வேற எங்கயாவது இருக்கும்போது தான் காது திறக்கும்.

இதுல ஒரு வாக்கியம் இருக்கு, எல்லாரும் நல்லதுன்னு நினைச்சு சொல்றது, எனக்கு சுத்தமா பிடிக்காது. உன் மேல இருந்த பாசத்துல தான் உன்ன குடுத்துட்டாங்க. கேட்க இதமா இருக்கும், ஆனா பிள்ளையோட மண்டைல என்ன ஓடும்னு யோசிச்சு பாருங்க. பாசம் இருந்தா குடுத்துடுவாங்க. நீங்களும் என் மேல பாசமா இருக்கீங்க. அப்போ? எங்க பொண்ணு கிட்ட நாங்க ரெண்டு விஷயத்தையும் தனித்தனியா தான் சொல்லுவோம். அவங்களால அப்ப எந்த குழந்தையையும் பார்த்துக்க முடியாத நிலைமை, நீ இல்லாம வேற எந்த குழந்தை பிறந்திருந்தாலும் முடிஞ்சிருக்காது. அவங்களுக்கு உன் மேல பாசம் இருந்துச்சான்னு அவ கேட்டா, அந்த காலத்துல அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு முழுசா தெரியாது, ஆனா உன்ன யாரும் நேசிக்க முடியாத அளவுக்கு உன்கிட்ட எந்த குறையும் இல்ல, அது எனக்கு நல்லா தெரியும்னு சொல்லுவேன். தெரியாதத தெரியாதுன்னு சொல்றது பிள்ளைக்கு பிடிக்கும்னு இல்ல, ஆனா நம்புவாங்க. பொய் சொல்லி பிடிபட்டா அடுத்து நாம சொல்ற எதையும் நம்பமாட்டாங்க.

சரி, ஒரு முடிவு வரப்போகுதுன்னு தெரிஞ்சா எப்ப சொல்றது? வயச பொறுத்தது. மூணு நாலு வயசு பிள்ளைகிட்ட அடுத்த மாசம்னு சொன்னா அதுக்கு அர்த்தமே இருக்காது, சும்மா பயம் மட்டும் ஏறும், சில நாள் முன்னாடி சொன்னா போதும், ஆனா அந்த சில நாளும் கண்ணுல தெரியணும், சுவத்துல ஒரு காலண்டர், ராத்திரி ஆனா ஒரு கட்டத்த அடிக்கிறது, அந்த மாதிரி. ஸ்கூல் வயசு பிள்ளைன்னா வாரக்கணக்குல முன்னாடியே சொல்லலாம், டீன் ஏஜ்னா நமக்கு தெரியும்போதே அவங்களுக்கும் தெரியணும், அவங்க கருத்த கேட்டு தான் முடிவே எடுக்கணும். இது சலுகை இல்ல, 1989ல ஐநா சபை கொண்டு வந்த குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 12வது பிரிவு, தன்ன பாதிக்கிற விஷயத்துல பிள்ளைக்கு கருத்து சொல்ல உரிமை இருக்குன்னு, வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்த மாதிரி அத மதிக்கணும்னு எழுதியிருக்கு. நடைமுறைல பிள்ளைக்கு தான் கடைசியா தெரியுது, பையன் வெளில விளையாடிட்டு இருப்பான், உள்ள நாலு பெரியவங்க உட்கார்ந்து அவன் எந்த வீட்டுல தூங்கப்போறான்னு பேசிட்டு இருப்பாங்க.

சொல்லும்போது என்ன முடியுது, என்ன முடியலன்னு ரெண்டையும் சொல்லணும். எங்க குட்டி பையன் கிளம்புறதுக்கு முன்னாடி நாங்க சொன்னது, நீ பெரியம்மா வீட்டுல தூங்கப்போற, இங்க தூங்கமாட்ட. நீல பொம்மை உன்னோட வரும். ஸ்கூல் இதே ஸ்கூல் தான். நாங்க இதே வீட்டுல தான் இருப்போம். பெரியம்மா உனக்கு ராத்திரி லைட் போட்டு வைக்கணும்னு அவங்களுக்கு தெரியும், நான் சொல்லிட்டேன். அவனுக்கு அந்த லைட் விஷயம் தான் பெருசு, ஒரு நாள்ல எத்தனையோ தடவ அத மட்டும் கேட்டான். வந்து பார்க்கிறேன்னு வாக்கு குடுக்கிறதுல மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. முடியும்னா நாள் சொல்லி சொல்லுங்க, முடியாதுன்னா சொல்லாதீங்க. வாசல்ல நிக்கும்போது அழுகைய அடக்குறதுக்காக சீக்கிரமே வரேன் செல்லம்னு சொல்லிட்டு போறது ரொம்ப சுலபம். பிள்ளை அந்த சீக்கிரத்துக்காக ஜன்னல்கிட்டயே உட்கார்ந்திருக்கும்.

தேதி தெரிஞ்சதும் பிள்ளையோட நடத்தை மாறும், இத எதிர்பார்த்து இருக்கணும். நல்லா ஒட்டிட்டு இருந்த பிள்ளை திடீர்னு உன்ன பிடிக்கல, நானே போறேன், இந்த வீடே நாறுதுன்னு கத்தும். வாங்கி குடுத்த சாமான உடைக்கும். சில பிள்ளைங்க திருடும், அந்த வீட்டுல இருந்து ஏதாவது ஒண்ண ஒளிச்சு எடுத்து வச்சுக்கும், எனக்கு அது திருட்டாவே தெரியல. அவங்க விட்டுட்டு போறதுக்கு முன்னாடி நான் விட்டுடறேன், வெறுத்துட்டு போனா வலிக்காது, இது தான் உள்ள ஓடுற கணக்கு. இந்த நேரத்துல பெரியவங்க மனசு உடைஞ்சு, சரி இவனுக்கே இங்க இருக்க பிடிக்கல, சீக்கிரம் அனுப்பிடலாம்னு தேதிய முன்னாடி இழுத்த வீடுகளும் இருக்கு. அப்ப பிள்ளை என்ன நினைக்கும், பார்த்தியா, நான் நினைச்ச மாதிரியே ஆச்சுன்னு தானே. வேண்டியது இதுக்கு நேர் எதிர். சாப்பாடு அதே நேரம், தூக்கம் அதே நேரம், விதிகள் அதே விதிகள், உடைச்சா உடைச்சத சேர்ந்து கூட்டி அள்ளணும், ஆனா பிரியாவிடைய மட்டும் தண்டனையா பறிக்கக்கூடாது. இப்படி நடந்துக்கிட்டா உனக்கு ஃபேர்வெல் கிடையாதுன்னு சொல்றது எந்த பிள்ளைக்கும் கூடாது, இந்த பிள்ளைக்கு கூடவே கூடாது. கோவமா இருக்கியா, போக பயமா இருக்கா, ரெண்டும் இருக்கலாம், கிளம்புற நிமிஷம் வரைக்கும் நீ இங்க தான், உன் தட்டு உன் இடத்துல தான் இருக்கும், அத மட்டும் சொல்லிட்டே இருக்கணும்.

கிளம்புற நாள பத்தி சில சாதாரண விஷயம், ஆனா இது தான் பிள்ளைக்கு வருஷக்கணக்கா ஞாபகம் இருக்கும். சாமான குப்பை கவர்ல கட்டி குடுக்காதீங்க. உலகத்துல நிறைய இடத்துல வளர்ந்து பெரியவங்களான ஃபாஸ்டர் பிள்ளைங்க இத ஒரே மாதிரி சொல்றாங்க, என் துணிய குப்பை போடுற பைல போட்டு கையில குடுத்தாங்கன்னு. ஒரு நல்ல பை, பிள்ளையே தேர்ந்தெடுத்த பை. போர்வைய துவைக்காம குடுங்க. புது வீட்டுக்காரங்ககிட்டயும் கொஞ்ச நாள் துவைக்க வேணாம்னு சொல்லுங்க, அழுக்கா தெரியலாம், ஆனா பழைய வீட்டோட வாசனை அதுல தான் இருக்கு. டொனால்ட் வின்னிகாட்னு ஒரு குழந்தை டாக்டர் 1950களோட ஆரம்பத்துலயே எழுதியிருக்கார், ஒரு பிள்ளை பிடிச்சுக்கிட்டு திரியுற அந்த பழைய துணியும் பொம்மையும் எவ்வளவு பெரிய வேலைய செய்யுதுன்னு. எந்த சோப்பு, எந்த பாட்டுக்கு தூங்கும், எந்த பக்கம் படுக்கும், ராத்திரி எழுந்தா என்ன சொல்லணும், எல்லாத்தையும் எழுதி குடுங்க.

அதோட முக்கியமானது, அனுமதி. விட்டுட்டு போறவங்க வாயால பிள்ளை கேட்கணும், புது அம்மாவ உனக்கு பிடிச்சா எனக்கு சந்தோஷம் தான்னு. இல்லன்னா பிள்ளை ரெண்டு பக்கமும் மாட்டிக்கும், இவங்கள நேசிச்சா அவங்களுக்கு துரோகம்னு நினைக்கும். நான் அவன் பெரியம்மா கைய பிடிச்சு அவன் முன்னாடியே அவங்ககிட்ட பேசினேன், இவனுக்கு முதுகு தட்டினா தான் தூக்கம் வரும், இனிமே நீங்க தட்டுங்கன்னு. எனக்கு அழுகை வந்துச்சு, மறைக்கல. பெரியவங்க பிள்ளை முன்னாடி அழலாம், அந்த அழுகைய பிள்ளை தேத்த வேண்டிய நிலைமை வரக்கூடாது, அவ்வளவு தான். உன்ன மிஸ் பண்ணுவேன், அதனால அழுறேன், நான் நல்லா தான் இருப்பேன், என்ன பார்த்துக்க ஆள் இருக்கு. இது மூணும் சேர்த்து சொன்னா பிள்ளைக்கு ஒரு செய்தி போகும், நான் போறது யாருக்காவது பெரிய விஷயம்னு. எத்தனையோ பிள்ளைங்க பல வீடு மாறியும் தனக்காக ஒரு ஆள் கூட அழுது பார்த்ததில்ல.

போன பிறகும் தொடர்பு இருந்தா நல்லது, போன்ல ஒரு குரல், ஒரு போட்டோ, கொஞ்ச நாள் கழிச்சு நேர்ல ஒரு சந்திப்பு. பாதுகாப்பு காரணத்துக்காக சில பேர பார்க்க விட முடியாது, அது வேற, அப்பவும் அவங்க பேர சொல்லலாம், படத்த வைக்கலாம்.

வீட்டுல மிச்சம் இருக்கிற பிள்ளைங்கள எல்லாரும் மறந்துடறாங்க. குட்டி பையன் போன அன்னைக்கு ராத்திரி எங்க பொண்ணு அவளோட ஸ்கூல் பைல துணிய அடுக்க ஆரம்பிச்சா. எதுக்குன்னு கேட்டா, என்னையும் கூப்பிட வருவாங்கல்லன்னு கேட்டா. தத்துன்னா என்ன, ஃபாஸ்டர்னா என்னன்னு எத்தனையோ தடவ பேசியிருக்கோம், ஆனா ஒரு பிள்ளை வாசல தாண்டி போறத கண்ணால பார்த்தா பேசினது எதுவும் நிக்காது. அன்னைக்கு அவ பைய நாங்க உடனே பிரிக்கல, அவ பக்கத்துலயே உட்கார்ந்து, அவன் இங்க கொஞ்ச காலம் இருக்கிறதுக்கு வந்தான், அவனுக்கு அவன் குடும்பம் இருக்கு, உன் குடும்பம் நாங்க தான், கோர்ட்ல ஜட்ஜ் கையெழுத்து போட்ட பேப்பர் இருக்குன்னு எடுத்து காட்டினோம். பேப்பர்ல அவ பேரையும் எங்க பேரையும் விரல் வச்சு படிச்சா. மறுபடியும் படிச்சா. துணிய அவளே எப்ப எடுத்து வச்சான்னு தெரியல, ரெண்டு மூணு நாள் கழிச்சு பாத்தா அலமாரில இருந்துச்சு.

சாவ பத்தியும் ஒரு வார்த்தை. வீட்டுல தாத்தாவோ பாட்டியோ, வளர்த்த நாயோ இறந்து போனா, இறந்துட்டாங்கன்னே சொல்லுங்க. தூங்கிட்டாங்க, தூரமா போயிருக்காங்க, சாமி கூப்பிட்டுக்கிட்டார், இதெல்லாம் எந்த குழந்தையையும் குழப்பும், ஆனா யாரோ உண்மையிலயே தூரமா போய் திரும்ப வராத அனுபவம் உள்ள பிள்ளைக்கு இது ரெண்டு மடங்கு பயம். பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அஞ்சுல இருந்து ஏழு வயசுக்குள்ள தான் சாவு திரும்பி வராதது, எல்லாருக்கும் வர்றது, உடம்பு வேலை செய்யுறது நின்னு போறதுன்னு புரிய ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டே தான் இருக்கும். கேட்கிற ஒவ்வொரு தடவையும் அதே பதில அதே பொறுமையோட சொல்லணும். நம்ம பிள்ளைங்க கூடவே இன்னொண்ணும் கேட்கும், நீங்க செத்தா நான் யார் வீட்டுக்கு போவேன்னு. அதெல்லாம் பேசாதன்னு வாய மூட வச்சிடாதீங்க. அவங்களுக்கு அது நிஜமாவே நடந்த கதை. நாங்க உட்கார்ந்து, எங்களுக்கு ஏதாவது ஆனா யார் பார்த்துப்பாங்கன்னு பேர் சொல்லி, அவங்ககிட்ட பேசி வச்சு, அவங்கள வீட்டுக்கு வரவச்சு அவளுக்கு முன்னாடியே ஒத்துக்க வச்சோம். ரொம்ப பேசி புரிய வைக்கிறத விட அந்த ஒரு பேர் அவளுக்கு தைரியம் குடுத்துச்சு.

சின்ன முடிவுகள்ல பழக்குறது தான் தினசரி வேலை. டிவிய பட்டுன்னு அணைக்காம இன்னும் அஞ்சு நிமிஷம்னு சொல்றது, விருந்தாளி கிளம்பும்போது பிள்ளை தூங்கிட்டு இருந்தா எழுப்பியாவது டாட்டா சொல்ல வைக்கிறது, பார்க்ல இருந்து வரும்போது ஊஞ்சலுக்கு கூட போயிட்டு வரேன்னு சொல்றது. கேட்க குழந்தைத்தனமா இருக்கும். ஆனா ஒரு முடிவுக்கு அப்புறமும் சாப்பாடு வரும், அம்மா இருப்பாங்க, நாளைக்கு விடியும்னு உடம்பு கத்துக்கிறது இப்படி நூத்துக்கணக்கான சின்ன முடிவுகள்ல தான், ஒரு பெரிய பேச்சுல இல்ல. ஸ்கூல்ல டீச்சர் மாறும்போதும் கவுன்சிலர் மாறும்போதும் இதே தான். டீச்சர்கிட்ட முன்னாடியே பேசி, கடைசி நாள் ஒரு போட்டோ எடுத்துக்கலாம், அடுத்த வருஷம் அந்த கிளாஸ் வாசல்ல நின்னு ஒரு ஹாய் சொல்லலாமான்னு கேட்கலாம். கவுன்சிலிங் நிக்கப்போகுதுன்னா கடைசி சில தடவை முடிவ பத்தியே பேச ஒதுக்கணும், போன்ல இனிமே வர வேணாம்னு சொல்லி நிறுத்துறது வேணவே வேணாம். பதினெட்டு வயசானதும் ஃபாஸ்டர்ல இருந்து வெளில போற பிள்ளைங்கள பத்தி தனியா எழுதணும், பல பேருக்கு ஒரே நாள்ல வீடு, சோஷியல் வொர்க்கர், பணம், எல்லாம் முடியுது, அவங்க வயசு மத்த பிள்ளைங்க அம்மா வீட்டுல துணி துவைக்க போட்டுட்டு இருக்கும்போது.

பிரியாவிடையே நடக்காம வந்த பிள்ளைங்க தான் அதிகம், எங்க பொண்ணும் அப்படி தான். அப்படின்னா எல்லாம் கைவிட்டு போச்சுன்னு இல்ல, பின்னாடி கூட சொல்லலாம். லைஃப் ஸ்டோரி புக்னு சொல்லுவாங்க, பிள்ளை பிறந்ததுல இருந்து எங்க எங்க இருந்துச்சு, யார் யார் பார்த்துக்கிட்டாங்க, ஏன் மாறுச்சுன்னு பிள்ளையோட சேர்ந்து செய்யுற புக். போட்டோ இல்லன்னா படம் வரையலாம், அந்த ஹோமோட வாசல் போட்டோ கிடைச்சா கூட போதும். நடந்தத நடந்த மாதிரி, வயசுக்கு தாங்குற அளவுக்கு எழுதணும், கஷ்டமான பகுதிய விட்டுட்டா பிள்ளை அந்த இடத்த தன் கற்பனைய வச்சு நிரப்பும், அந்த கற்பனை பெரும்பாலும் உண்மைய விட மோசமா இருக்கும். எங்க பொண்ணு அவள கைக்குழந்தையா பார்த்துக்கிட்ட அந்த ஹோம் அக்காவுக்கு ஒரு லெட்டர் எழுதினா. அவங்க இப்ப எங்கன்னு தெரியாது, அனுப்ப முடியாது. எனக்கு இப்ப பல்லு விழுந்துருச்சு, நீங்க குடுத்த மஞ்சள் சட்டை எனக்கு பத்தல, ஆனா வச்சிருக்கேன், நீங்க என்கிட்ட சொல்லாம இருந்தது எனக்கு கோவம், இப்படி போச்சு அந்த லெட்டர். படிச்சு காட்டிட்டு புக்ல ஒட்டினா.

இந்த கதைய ஒரு தடவ சொல்லி முடிச்சிட முடியாது. நாலு வயசுல கேட்ட அதே கேள்விய எட்டு வயசுல வேற அர்த்தத்துல கேட்பாங்க, பதினாலுல கோவமா கேட்பாங்க, அவங்களுக்கே ஒரு குழந்தை பிறக்கும்போது இன்னொரு தடவ வரும். அதனால அந்த புக்க பரண்ல போடாம பிள்ளை கைக்கு எட்டுற உயரத்துல வைங்க, பின்னாடி நிறைய வெள்ளை பேப்பர் சேர்த்து தைங்க, நடுவுல இருக்கிற பக்கத்த பிள்ளை மாத்தி எழுதணும்னு சொன்னா மாத்த விடுங்க. எங்க பொண்ணு ரெண்டு பக்கத்த இப்ப தான் திரும்ப எழுதிட்டு இருக்கா, அந்த வருஷங்கள பத்தி என்கிட்ட ஒரு லிஸ்ட்டே கேள்வி குடுத்திருக்கா, இந்த வாரம் உட்கார்ந்து ஒவ்வொண்ணா பதில் சொல்லணும்.